கடுகண்ணாவை இறக்கத்தில் கிடைத்த கரண்ட்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ-1 பாதையை அறியாத குடும்பம் நம்மில் அரிது. கல்யாணத்துக்கும் மையித்துக்கும், பெண் பார்க்கவும் பிள்ளை பார்க்கவும் எத்தனை தடவை போய் வந்திருப்போம்! பஸ்ஸின் யன்னலோரத்தில் தலை சாய்த்துப் பார்த்த அதே பஸ்யாலைக் கஜுக் கடைகள், அதே அம்பேபுஸ்ஸை வளைவு, அதே உதுவன்கந்தை. ஆனால் பெற்றோல் இல்லாத ஒரு காரில் இதே பாதையை ஓடும்போது மேடு எது, பள்ளம் எது என்பது புதிதாகத் தெரிகிறது.

சகோதரிகள் பலர் இப்போது கேட்கும் கேள்வி ஒன்று. "கரண்ட் கார் எடுத்தால் சரி வருமா? நடுவழியில் நின்றுவிடாதா? கரண்ட் பில் என்னவாகும்?" அந்தக் கேள்விக்கு அக்குறணையிலிருந்து மாபோலை வரை நாங்கள் ஓடிய ஒரு நாள் பயணத்தை வைத்தே இங்கு விடை சொல்லப் பார்க்கிறேன்.

2022இல் நடந்தது

என் தங்கை ஆசிரியை. மாபோலையில் வீடு. கணவர் கட்டாரில். மூன்று பிள்ளைகள். எங்கள் உம்மாவும் அவளோடுதான். உம்மாவுக்குச் சீனி வருத்தம். 2022ஆம் ஆண்டு அவருடைய காலில் ஒரு புண் வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வேண்டியிருந்தது.

அந்த வருடம் எப்படி இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. பெற்றோல் ஷெட் வாசலிலிருந்து பிரதான பாதை வரை வரிசை. ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபா. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். தங்கை இரண்டு இரவுகள் காருக்குள்ளேயே வரிசையில் கிடந்திருக்கிறாள். திரீவீல்காரர்களுக்கும் பெற்றோல் இல்லை. கிடைத்தவர்கள் கேட்ட கூலி நம்மால் கொடுக்க முடியாதது. உம்மாவின் கட்டு மூன்று தடவை தவறிப் போனது. பிறகு ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. அந்த மூன்று தடவைதான் காரணம் என்று டொக்டர்மார் சொல்லவில்லை. ஆனால் தங்கையின் மனதைவிட்டு அது போகவில்லை.

"ராத்தா, இனி ஒருநாளும் நான் பெற்றோல் போலிங்க நம்பி ஈக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டாள்.

அப்போது வெளிநாட்டிலிருந்து கார் இறக்க முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்தது. ஆகவே நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாவித்த கார்களில்தான் தேட வேண்டும். மின்சாரக் கார் என்றால் அனேகமாக நிசான் லீஃப். 2015இல் வரி குறைந்திருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து ஏராளமாக வந்து இறங்கியவை. அந்த வருட நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வரி கூடியதும் வரவு சுருங்கியது.

இரண்டு வருடம் சேமித்து, மச்சான் அனுப்பிய காசோடு இரண்டு சோடிக் காப்பையும் விற்று, 2024 ஆகஸ்ட் விடுமுறையில் அவள் கார் தேடத் தொடங்கினாள்.

ரயிலில் அக்குறணைக்கு

கொழும்பைச் சுற்றிப் பார்த்த கார்கள் மனதுக்குப் பிடிக்கவில்லை. அக்குறணையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரிடம் 2015ஆம் ஆண்டு உற்பத்தியான லீஃப் ஒன்று இருப்பதாக உறவினர் தகவல் சொன்னார். தங்கை, அவளுடைய பதினைந்து வயது மகன், எங்கள் நாநா, நான் என நால்வர் ராகமையில் ரயில் ஏறினோம்.

றம்புக்கனை தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கத் தொடங்கியது. கண்டிக்கு ரயில் போனது 1867இல். கரி என்ஜின் காலத்தில் இந்த ஏற்றத்துக்காகப் பின்னாலிருந்து தள்ள இன்னோர் என்ஜினைப் பூட்டுவார்களாம். அலகல்லை மலையும், தூரத்தில் பெட்டகம் போல நிற்கும் பத்தலேகலைக் குன்றும் கண்ணுக்குள் வந்தன.

நாநா யன்னலால் பள்ளத்தைக் காட்டிக் கேட்டார்: "ரயிலுக்கே ரெண்டு என்ஜின் தேவப்பட்ட மலை. ஒன்ட பற்றரிக் கார் இதுல ஏறுமா தங்கச்சி?"

கேள்வி நியாயமானதுதான். மலை ஏற எந்த வாகனமும் கூலி கொடுக்கத்தான் வேண்டும். கணக்கைச் சொல்கிறேன். லீஃப் காரும் அதிலுள்ள நான்கு பேரும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,800 கிலோ. அதைக் கடல் மட்டத்திலிருந்து கண்டியின் உயரமான சுமார் 500 மீற்றருக்குத் தூக்க இரண்டரை யுனிட் கரண்ட் மேலதிகமாக வேண்டும். சமவெளியில் பதினாறு, பதினேழு கிலோமீற்றர் ஓடக்கூடிய கரண்ட் அது. மோட்டருக்கு ஏற பலம் போதும், இழுவையில் பெற்றோல் காருக்குச் சற்றும் குறையாது. ஆனால் பற்றரியில் அந்த இரண்டரை யுனிட் மிச்சம் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து பழைய லீஃப் ஒன்றில் கண்டிக்குப் போகிறவர்கள் வழியில் ஓர் இடத்தில் சார்ஜ் செய்தே ஏற வேண்டும்.

இறங்கும்போது கதை வேறு. அதை நாங்கள் மறுநாள் கண்டோம்.

ஒன்பது கோடுகள்

அக்குறணை கண்டிக்கு வடக்கே, யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதையில் உள்ள ஊர். பாதையின் இருபுறமும் கடைகள். அதிபரின் வீடு சிறிய மேட்டில். கார் கராஜில், நிழலில் நின்றது.

லீஃப் காரின் முன் பலகையில் பற்றரியின் வயதைக் காட்டும் சிறிய கோடுகள் வலப்பக்கத்தில் இருக்கும். புதிதில் பன்னிரண்டு. பற்றரி தளரத் தளர ஒவ்வொன்றாக அணையும். இந்தக் காரில் ஒன்பது.

"பன்னிரண்டில் ஒன்பது என்றால் முக்கால் பங்கு இருக்கிறது" என்று நாம் நினைப்போம். கணக்கு அப்படியில்லை. முதல் கோடு அணையவே நூற்றுக்குப் பதினைந்து வீதம் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடும் ஆறு வீதத்துக்குச் சற்று மேல். ஒன்பது கோடு என்றால் ஏறக்குறைய முப்பது வீதம் போய்விட்டது. இந்தக் காரின் பற்றரி புதிதில் 24 கிலோவாற் மணி, அதாவது 24 யுனிட். முழுவதையும் பாவிக்க கார் விடாது. இன்றைய நிலையில் உண்மையாகப் பாவிக்கக் கிடைப்பது பதினான்கு, பதினைந்து யுனிட். நிதானமாக ஓடினால் 100 கிலோமீற்றர். விளம்பரத்தில் சொன்ன தூரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கோடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வியாபாரிகள் சிலர் கணினியைப் பூட்டி அந்தக் கணக்கை அழித்துவிடுவார்கள். அப்போது பன்னிரண்டு கோடும் பளிச்சென்று எரியும். சில வாரங்கள் ஓடிய பின் ஒவ்வொன்றாக விழும், விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது. மருமகன் ஒரு சிறிய கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டி, தொலைபேசியில் உள்ள லீஃப்ஸ்பை என்ற செயலியால் பற்றரியின் நிலையைப் பார்த்தான். 69 வீதம். கோடும் செயலியும் ஒத்துப் போயின.

அதிபர் ஒளிக்கவில்லை. "மகள், என்ட வாயால நல்லம்டு நான் சொல்லப் போறல்ல. இன்டக்கி முழுக்க ஓடிப் பாருங்க. குறையச் சொல்லாம வித்த காசில பரக்கத் இல்ல" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விடயம் முக்கியமானது. பற்றரிக்குப் பெரிய எதிரி சூடு. பல புதிய கார்களில் பற்றரியைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் ஓடும். லீஃப் காரில் அது இல்லை. கீழே கொழும்பு வெயிலில் தார்ப் பாதையில் நாள் முழுவதும் நின்ற கார்கள் சீக்கிரம் கோடு இழக்கின்றன. மலைநாட்டுக் குளிரும் கராஜ் நிழலும் இந்தக் காருக்கு உதவியிருக்கின்றன. அதனால்தான் பத்து வருடத்தை நெருங்கும் காரில் ஒன்பது கோடு மிஞ்சியது.

அன்று பின்னேரம் வரை கட்டுகஸ்தோட்டை, கண்டி நகரம், மேடு பள்ளம் என்று நாற்பது கிலோமீற்றர் ஓடிப் பார்த்தோம். குறைந்த கரண்ட் ஓடிய தூரத்துக்குச் சரியாக இருந்தது. ஒரே தொல்லை, காரின் வழிகாட்டித் திரை ஜப்பானிய மொழியில். ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு பெண் குரல் ஜப்பானில் ஏதோ சொல்கிறது. "பிரயாண துஆ ஓதச் சொல்றா போல" என்று நாநா சிரித்தார். அன்றிரவே பேச்சு முடிந்தது.

இறக்கம்

மறுநாள் காலை நூறு வீதம் சார்ஜோடு புறப்பட்டோம். பேராதனை, பிலிமத்தலாவை கடந்து கடுகண்ணாவை உச்சிக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர். பலகையில் 76 வீதம். நாநாவின் முகம் வாடிவிட்டது. "நாலில ஒண்டு முடிஞ்சி. இன்னும் கண்டி மாவட்டமே தாண்டல்ல!"

உச்சியில் டோசன் கோபுரம் நிற்கிறது. 1815இல் கண்டி இராச்சியம் வெள்ளைக்காரர் கையில் விழுந்த பின், 1820களில் இந்தப் பாதையை வெட்டுவித்த டோசன் என்ற பொறியியலாளரின் நினைவாக 1832இல் கட்டியது. அதைத் தாண்டினால் பாறையைத் துளைத்துப் போட்ட பழைய பாதை. அதிலிருந்து வளைந்து வளைந்து இறக்கம்.

தங்கை கியர் பிடியை 'பி' என்ற இடத்துக்கு இழுத்தாள். இது வழமையான கார்களில் இல்லாதது. அப்படிப் போட்டால் மோட்டரே காரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். சக்கரம் மோட்டரைச் சுற்றும், மோட்டர் தைனமோ போல மாறிப் பற்றரிக்குக் கரண்ட் அனுப்பும். சைக்கிள் சக்கரத்தில் தைனமோவை உராயவிட்டு லைட் எரித்த காலத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். மிதிக்கக் கனமாக இருக்குமல்லவா, அந்தக் கனம்தான் இங்கே பிரேக்.

இந்த இறக்கத்தில் லொறிகளின் பிரேக் சூடாகி வரும் கருகல் மணம் எல்லோருக்கும் தெரியும். அவை சூடாக்கி வீணாக்குவதை இந்தக் கார் சேமிக்கிறது. 76 என்ற எண் அப்படியே நின்றது. பிறகு 77. அடுத்தடுத்த வளைவுகளில் 78. அடிவாரத்தை அடைந்தபோது 79.

பின்சீற்றிலிருந்த நாநா முன்னுக்கு எட்டிப் பார்த்தார். "என்னடா இது, ஓட ஓட கூடுது?"

மலை கொடுத்த கூலி முழுவதையும் திருப்பித் தராது. காற்றும் டயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பாதி, அதற்குச் சற்றுக் கூடுதல் திரும்பி வந்தால் நல்லது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. மலையுச்சியில் வீடு உள்ளவர்கள் நூறு வீதம் நிரப்பிக்கொண்டு உடனே இறங்கினால் அந்தக் கரண்டை வைக்கப் பற்றரியில் இடமில்லை. அப்போது மோட்டர் அவ்வளவாகப் பிடிக்காது, சாதாரண பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். அவர்கள் தொண்ணூறோடு நிறுத்துவது நல்லது.

மாவனல்லையில் பகற்சாப்பாடு

மாவனல்லைக்கு வரும்போது 72 வீதம். இங்கே எங்கள் சாச்சி வீடு. மாபோலைக்கு இன்னும் 80 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அவ்வளவு தூரத்துக்கு அது போதாது. சாச்சியின் சோறு ஆற முன் காரையும் பிளக்கில் போடலாம் என்று முன்பே பேசியிருந்தோம்.

மின்சாரக் காரில் தூரப் பயணம் போவதன் இரகசியம் இதுதான். பெற்றோல் அடிக்க நிற்பது போல சார்ஜுக்கென்று நிற்கக் கூடாது. எப்படியும் நிற்கும் இடத்தில் சார்ஜ் ஏற வேண்டும். பாதை வழியே விரைவு சார்ஜர்களும் இப்போது உள்ளன. லீஃப் காருக்கு 'சாடெமோ' என்ற வகைப் பிடி வேண்டும். புதிய கார்கள் பலவற்றுக்கு 'சிசிஎஸ்-2'. போக முன் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பிடி இருக்கிறதா, இயந்திரம் வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொள்வது புத்தி.

சாச்சி வீட்டில் சாதாரண பிளக்தான். ஆனால் சாச்சியின் மகன் கராஜ் பக்கமாகப் புதிய வயர் இழுத்து வைத்திருந்தார். இந்த இடத்தில் சகோதரிகள் கவனிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் கரண்ட் இழுக்கும். கார் ஆறு, ஏழு மணித்தியாலம் விடாமல் இழுக்கும். பழைய பிளக் என்றால் சூடாகி உருகும், தீயும் பிடிக்கலாம். ஆகவே மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த், ஒழுங்காக விழும் டிரிப் சுவிட்ச் நான்கும் வேண்டும். தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்விக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் கோட் கூடவே கூடாது.

சாச்சி கரிசனையோடு கேட்டார்: "மகள், மழ பேஞ்சா இதுல ஷொக் அடிக்காதா?" காரின் பிடியும் வயரும் மழைக்குத் தாங்கும்படி செய்தவை. பூட்டிய பின்தான் கரண்ட் பாயும். பயப்பட வேண்டியது சுவரிலுள்ள பிளக் நனைவதற்குத்தான். அதற்குக் கூரை வேண்டும்.

சாப்பாடு, தொழுகை, தேத்தண்ணி என்று இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். கார் நிரம்பிவிட்டது. சாச்சிக்கு ஏறிய யுனிட் ஐந்துக்கும் குறைவு. காசு கொடுக்கப் போனால் ஏசுவார் என்பதால் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு வந்தோம்.

சமவெளி

மாவனல்லையை விட்டு வரும்போது உதுவன்கந்தை தெரிந்தது. சரதியேல் ஒளித்திருந்து கண்டிப் பாதையில் வண்டிகளைக் கொள்ளையடித்த குன்று. அவனோடு பிடிபட்டு 1864 மே மாதத்தில் கண்டியில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்ட தோழன் மம்மலி மரைக்கார் நம்மவர். சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கூட்டாளிகளாக இருந்த கதையை மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே கேகாலை வந்தோம்.

அதன் பிறகு வாகன நெரிசல். பெற்றோல் கார் நெரிசலில் நின்றாலும் குடித்துக்கொண்டே நிற்கும். மின்சாரக் கார் நின்றால் மோட்டருக்குச் செலவில்லை. ஆனால் ஏ.சி. இழுக்கும். மூன்று மணித்தியாலம் ஏ.சி. போட்டால் ஏறக்குறைய இரண்டு யுனிட், அதாவது பன்னிரண்டு பதினான்கு கிலோமீற்றர் போய்விடும். அதற்காக வியர்த்து வழிய வேண்டியதில்லை, கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். அதைவிட முக்கியம் வேகம். அறுபதில் ஓடுவதற்கும் எண்பதில் ஓடுவதற்கும் பெரிய வித்தியாசம். காற்றைப் பிளக்கும் செலவு வேகத்தோடு மிக விரைவாக ஏறும். அதனால் ஹைவேயில் தூரம் குறையும், ஊர்ப் பாதையில் கூடும். பெற்றோல் காருக்கு இது தலைகீழ்.

வறக்காப்பொலையில் தலகுலி வாங்கினோம். பஸ்யாலையில் கஜு விற்கும் பெண்களிடம் பேரம் பேசினோம். கடவத்தையில் திரும்பி ராகமை வழியாக மாபோலை வந்தபோது அஸர் தாண்டிவிட்டது. பலகையில் 21 வீதம். இருபது கிலோமீற்றர் வரை ஓட மிச்சமிருந்தது.

கரண்ட் பில்

வீட்டுச் செலவைப் பார்க்கும் பெண்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி.

தங்கையின் நாளாந்த ஓட்டம் பாடசாலை, பிள்ளைகளின் வகுப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து 34 கிலோமீற்றர். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்தால் மீற்றரில் ஓடும் ஒரு யுனிட்டுக்கு ஆறு கிலோமீற்றர் என்று எடுக்கலாம். நாளுக்கு ஆறு யுனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 140, 150 யுனிட்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 யுனிட்டைத் தாண்டினால் அதற்கு மேலுள்ளவை உச்சப் படியில் விழும். இதுவரை 110 யுனிட் பாவித்த வீடு கார் வந்ததும் 250ஐத் தாண்டும். ஆகவே பழைய பில்லை யுனிட்டால் பிரித்து, அந்தச் சராசரி விலையில் காரின் செலவைக் கணக்கிடுவது பிழை. கார் இழுக்கும் யுனிட்டுகளில் பெரும் பகுதியை மேல் படி விலையிலேயே கணக்கிட வேண்டும்.

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு சூத்திரம் சொல்கிறேன். இன்றைய பெற்றோல் விலையைப் பன்னிரண்டால் பிரியுங்கள். ஒரு சிறிய பெற்றோல் கார் நகரத்தில் ஒரு கிலோமீற்றர் ஓடும் செலவு அது. மேல் படி யுனிட் விலையை ஆறால் பிரியுங்கள். மின்சாரக் கார் ஒரு கிலோமீற்றர் ஓடும் செலவு அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல் படி விலையிலும் கரண்ட் மலிவு என்று தெரியும், ஆனால் சிலர் சொல்வது போல சும்மா ஓடுவதில்லை.

நேரத்துக்கு ஒரு விலை என்ற கட்டண முறையும் உண்டு. அதில் பின்னேரம் ஆறரை முதல் இரவு பத்தரை வரை விலை அதிகம். பத்தரைக்குப் பின் காலை ஐந்தரை வரை குறைவு. உங்கள் இணைப்புக்கு அது பொருந்துமா என்று மின்சாரக் காரியாலயத்தில் கேட்டுப் பார்க்கலாம். எந்தக் கட்டண முறையானாலும், ஊரே அடுப்பும் லைட்டும் போடும் அந்த நான்கு மணித்தியாலத்தில் காரையும் பூட்டாமல் விடுவது நாட்டுக்கும் நல்லது. தங்கை படுக்கப் போகும்போது பூட்டுகிறாள். காரின் டைமர் நடுநிசிக்குப் பின் தொடங்கி சுபஹுக்கு முன் முடித்துவிடும்.

வேறு செலவுகளில் எண்ணெய் மாற்றுவது, பிளக் மாற்றுவது எதுவுமில்லை. மோட்டரே பிடிப்பதால் பிரேக் கட்டைகள் நீடிக்கும். ஆனால் டயர் உண்டு. மற்றக் கார்களைப் போல சிறிய 12 வோல்ட் பற்றரி ஒன்றும் உண்டு. அது செத்தால் பெரிய பற்றரி நிரம்பியிருந்தாலும் கார் எழும்பாது. அதை மறக்கக் கூடாது.

குறைகளும் உண்டு

கரண்ட் காரை வாங்கியவர் எல்லாக் கஷ்டத்திலிருந்தும் தப்பினார் என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனது. அப்போதும் மிச்ச நேரத்தில் மூன்று மணித்தியாலம் பூட்டினால் அடுத்த நாள் ஓட்டத்துக்கு அனேகமாகப் போதும். வரிசையில் படுக்கத் தேவையில்லை. ஆனால் 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து உயிர்கள் போய், பாதை மூடப்பட்டு, அடுத்து டித்வா புயல் வந்து பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனபோது, அந்த ஊர்களில் மின்சாரக் காரும் நின்றுதான் போயிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை காரை நிரப்புவது.

வெள்ளத்தில் விடவே கூடாது. பற்றரிப் பெட்டி இறுக்கமாக மூடியதுதான். என்றாலும் ஆழமறியாமல் காலை விடாதே என்பது காருக்கும் பொருந்தும். தண்ணீருக்குள் நின்ற காரை, தெரிந்தவர் பார்த்துச் சொல்லாமல் சார்ஜில் போடக் கூடாது.

இன்னொன்று, சத்தமின்மை. ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் பின்னால் கார் வருவதை உணர மாட்டார்கள். மெதுவாகப் போகும்போது லீஃப் மெல்லிய ஓசை எழுப்பும். நம் ஒழுங்கைகளின் இரைச்சலில் அது போதாது.

மாடிவீட்டில் இருப்பவர்கள் காரைத் தேட முன் பிளக்கைத் தேட வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து வயர் இறக்க முடியாது. கீழே சொந்த மீற்றரோடு ஓர் இடம் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு

2025க்குப் பின் புதிய கார்கள் வந்துவிட்டன. பிவைடி அட்டோ-3 போன்றவற்றில் 50, 60 யுனிட் பற்றரி. கண்டிக்குப் போய்வர ஒரே சார்ஜ் போதும். அவற்றில் இருப்பது இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரி. சூட்டையும் அடிக்கடி நிரப்புவதையும் நன்கு தாங்கும். ஆனால் வரி மோட்டரின் கிலோவாற் பலத்தையும் காரின் வயதையும் வைத்துக் கணிப்பது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதில்லை. தவணைக்கு எடுத்து வட்டியில் மாட்டிக்கொள்வதைவிட, நம் ஓட்டத்துக்குப் போதுமான பழைய கார் மேல்.

ஒரு மாதம் நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று கலண்டரில் எழுதி வாருங்கள். அதிலே பெரிய எண்ணை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். பார்க்கும் கார் அந்தத் தூரத்தை இன்று ஓடுமா என்று பாருங்கள். புதிதில் எவ்வளவு ஓடியது என்ற கதை வேண்டாம். ஒரு நாள் முழுவதும் ஓட விடாத ஆளிடம் வாங்க வேண்டாம். காசு கொடுக்க முன் வீட்டு வயரிங்கைப் பார்ப்பியுங்கள்.

தங்கையின் கார் பலாமர நிழலில்தான் நிற்கிறது. ஒன்பதாவது கோடு இன்னும் அணையவில்லை. ஒருநாள் அணையும், அதற்கென்று பெற்றோல் மிச்சத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகையை அவள் ஒதுக்கி வருகிறாள். இந்தக் கார் வந்த நாளிலிருந்து உம்மாவின் கிளினிக் ஒன்றும் தவறவில்லை.